ஆய்வேட்டில் எண்ணும் எழுத்தும்

சமூகவியல் ஆய்வேடு எழுதப் புகும் மாணவர்க்கு வினாநிரல் அமைக்கக் கற்பிக்கப்படுகிறது. மாதிரி எடுக்கும் முறை கற்பிக்கப்படுகிறது. கணினியில் கணக்கிடும் வழியும் கற்பிக்கப்படுகிறது. கணக்கிட்டு முடித்தபின் அக்கணக்கை எவ்வாறு உரைநடையாக்குவது என்பது மட்டும் அவர் தாமே அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றாக விடப்படுகிறது. அதனால், முன்னுரையும் முன்னாய்வுகள் பற்றிய இயலும் ஓரளவு தேறி நிற்க, ஆய்வேட்டின் உயிர்நிலையாகிய ‘ஆய்வு முடிவுகள்’ என்னும் இயல் நலிந்து கிடப்பதைப் பல ஆய்வேடுகளில் காணலாம்.

எண்ணையும் எழுத்தையும் மனிதனுக்கு இரு கண்களாக ஒருசேர வைத்தவர் வள்ளுவர். ஆயினும் தமிழ் மாணவரிடையே எண் ஒரு துறைக்கும் எழுத்து வேறொரு துறைக்கும் உரியவை என்னும் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. அவ்விரண்டும் கூடிப் பணிபுரியும் இடங்களுள் ஒன்று சமூகவியல் ஆய்வேடு. அங்கே ஒரு கண் மூடினால் மற்றதும் மங்கிவிடுகிறது.

முடிவுகள் இயலில் காணப்படும் குறைகளை இரண்டாகத் தொகுக்கலாம். ஒன்று, ஒப்பித்தல். அட்டவணையில் உள்ள எண்கள் அனைத்தும் அட்டவணைக்குக் கீழே மீண்டும் சொற்களில் எழுதப்படும். ஆண்கள் இத்தனை, பெண்கள் இத்தனை என்று வரிசையாகச் சொல்லப்படும். ஆய்வு வினாவுக்கு அவற்றால் என்ன விடை கிடைத்தது என்பது சொல்லப்படாது. மற்றொன்று, தாவுதல். அட்டவணையை ஒருமுறை பார்த்துவிட்டு மாணவர் நேரே அறவுரைக்குத் தாவிவிடுவார். ‘இது பெரிதும் கவலைக்குரியது’, ‘சமுதாயம் விழித்தெழ வேண்டும்’ என்னும் தொடர்கள் அங்கே எண்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. முன்னவர் எழுத்தை மறந்தவர். பின்னவர் எண்ணை மறந்தவர்.

எதற்குள் எத்தனை?

இக்குறைகள் எத்துணை தூரம் பொருளைத் திரிக்கும் என்பதற்குத் தமிழாசிரியர் அனைவரும் அறிந்த ஓர் அட்டவணையே சான்றாகும். சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டு நடைபெற்ற மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேற்பட்டும் உள்ள இந்தியருள் 36.7 விழுக்காட்டினர் வீட்டில் தாம் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்றனர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது 27.9 விழுக்காடாயிற்று. அதே பத்தாண்டில் ஆங்கிலத்தைக் குறிப்பிட்டோர் 41.6 விழுக்காட்டிலிருந்து 59.2 விழுக்காட்டிற்கு உயர்ந்தனர்.

இந்நான்கு எண்களைக் கையில் வைத்துக்கொண்டு, ‘சிங்கப்பூர்த் தமிழருள் ஏறத்தாழ முக்கால் பங்கினர் தமிழைக் கைவிட்டுவிட்டனர்’ என்று ஒரு மாணவர் எழுதினால் அவ்வாக்கியம் உணர்ச்சி மிக்கதாக இருக்கும். மேடையில் கைதட்டலும் பெறும். ஆயினும் அதில் மூன்று பிழைகள் உள்ளன.

முதலாவது, அட்டவணை ‘தமிழர்’ என்று சொல்லவில்லை. ‘இந்தியர்’ என்றே சொல்கிறது. மலையாளிகள், தெலுங்கர், பஞ்சாபியர், இந்தி பேசுவோர் ஆகியோரும் அவ்வகையில் அடங்குவர். அன்றியும், அக்கணக்கு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டுமே குறிக்கும். வேலை அனுமதி பெற்று அங்கே உழைக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளர் அதில் சேரார். நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும்போது அந்த நூற்றுவர் யார் என்பதே முதல் வினா. அவ்வினாவுக்கு விடை எழுதாத விழுக்காடு அடித்தளமற்ற வீடு போன்றது.

இரண்டாவது, ‘மிகுதியாகப் பேசும் மொழி’ என்பது ‘பேசும் ஒரே மொழி’ என்று பொருள்படாது. வீட்டில் பெரும்பொழுது ஆங்கிலம் பேசுபவர் பாட்டியுடன் தமிழ் பேசலாம். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு இரண்டாவதாக மிகுதியாகப் பேசும் மொழியையும் வினவியது; எல்லா இனத்தவரையும் சேர்த்துப் பார்க்கையில், வீட்டில் ஆங்கிலத்தை மிகுதியாகப் பேசுவோருள் 87 விழுக்காட்டினர் வேறொரு தாய்மொழியையும் பேசுவதாகக் கூறினர். வினாநிரலில் கேட்கப்பட்ட சொல்லே முடிவில் எழுதப்படும் சொல்லாக இருத்தல் வேண்டும். கேட்டது ஒன்று, எழுதியது வேறொன்று என்றால், அம்முடிவு ஆய்வாளரின் சொந்தக் கருத்தேயன்றி ஆய்வின் விளைவாகாது.

மூன்றாவது, ‘கைவிட்டனர்’ என்னும் வினைச்சொல். ஈராண்டுகளின் கணக்கும் ஒரே மனிதர்களைப் பின்தொடர்ந்து எடுக்கப்பட்டது அன்று. இடைப்பட்ட காலத்தில் முதியோர் மறைந்திருப்பர். குழந்தைகள் பேசும் பருவம் எய்தியிருப்பர். புதிதாக நிரந்தரவாசம் பெற்றோர் வந்து சேர்ந்திருப்பர். தொகுதியின் சேர்க்கை மாறியதாலும் விழுக்காடு மாறும். தனிமனிதர் மனம் மாறியதைக் குறிக்கும் வினைச்சொல்லை அத்தகைய அட்டவணை தாங்காது.

அளவைச் சொல்லும் முறையிலும் கவனம் தேவை. 36.7 என்பது 27.9 ஆனால், குறைந்தது 8.8 விழுக்காட்டுப் புள்ளிகள், ‘8.8 விழுக்காடு’ அன்று. தொடக்க அளவோடு ஒப்பிட்டால் அது ஏறத்தாழ 24 விழுக்காட்டுக் குறைவாகும். இரண்டும் மெய்யே. ஆனால் எதைச் சொல்கிறார் என்பதை மாணவர் தெளிவாக்காவிடில், அச்சுறுத்த விரும்புபவர் பெரிய எண்ணையும் ஆறுதல் கூற விரும்புபவர் சிறிய எண்ணையும் எடுத்தாள்வர்.

தாவுதல் என்னும் குறையால் நேரும் பேரிழப்பு ஒன்றும் இங்கே நோக்கத்தக்கது. ஆங்கிலத்தின் உயர்வு 17.6 புள்ளிகள். தமிழின் குறைவு 8.8 புள்ளிகள். ஆங்கிலம் பெற்றதில் சரிபாதியே தமிழின் பங்குக் குறைவுக்கு ஈடாகிறது. எஞ்சிய பாதி எங்கிருந்து வந்தது? 2010ஆம் ஆண்டில் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்து 78.3 விழுக்காடு, எஞ்சிய மொழிகளுக்கு 21.7. 2020ஆம் ஆண்டில் அவ்விரண்டும் சேர்ந்து 87.1, எஞ்சியவற்றுக்கு 12.9. மலாய் உள்ளிட்ட அம்மொழிகளின் பங்கு, தொடக்க அளவில் ஏறத்தாழ 40 விழுக்காடு சுருங்கிவிட்டது. தமிழ் இழந்தது உண்மை. ஆயினும் பிற மொழிகள் இழந்த வீதத்தில் தமிழ் இழக்கவில்லை என்பதும் அதே அட்டவணை கூறும் உண்மையே. இதற்குக் காரணம் பள்ளியா, குடும்பமா, குடிவரவா என்பதை அவ்வட்டவணை கூறாது. ஆனால் ஆராயத்தக்க வினா ஒன்று அங்கே பிறக்கிறது. கூட்டலும் கழித்தலுமே அதற்குப் போதுமாயிருந்தன. ‘விழித்தெழுக’ என்று தாவிச் சென்றவர்க்கு அவ்வினா கண்ணில் பட்டிராது.

ஆதலின் அப்பகுதியை இவ்வாறு எழுதுவது முறையாகும்: ‘வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் எனக் கூறிய இந்தியவாசிகளின் பங்கு 2010இல் 36.7 விழுக்காடாக இருந்து 2020இல் 27.9 விழுக்காடாகக் குறைந்தது, குறைவு 8.8 புள்ளிகள். ஆங்கிலத்தின் பங்கு 17.6 புள்ளிகள் உயர்ந்தது. இந்தியர் என்னும் வகையில் தமிழரல்லாதாரும் அடங்குவதால், தமிழ்க் குடும்பங்களுக்குள் நிகழ்ந்த மாற்றத்தை இவ்வட்டவணை தனித்துக் காட்டவில்லை.’ இதில் அணியில்லை, ஆரவாரமில்லை. எனினும் மறுக்கவியலாத வலிமை இருக்கிறது.

பிரித்துப் பார்த்தல்

மொத்த எண் ஒன்றைக் கூற, பிரித்துப் பார்த்தால் வேறொன்று தோன்றுதல் கணக்கியல் அறிந்தோர்க்குப் புதிதன்று. அமெரிக்காவில் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் 1973ஆம் ஆண்டு மேற்பட்டப்படிப்புச் சேர்க்கை இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அவ்வாண்டு விண்ணப்பித்த ஆடவர் 8,442 பேருள் 44 விழுக்காட்டினரும், மகளிர் 4,321 பேருள் 35 விழுக்காட்டினரும் இடம் பெற்றனர். மகளிர்க்கு ஓரவஞ்சனை இழைக்கப்பட்டது என்று முடிவு எழுத இதனினும் வேறு சான்று வேண்டுமோ என்று தோன்றும்.

பீட்டர் பிக்கல், யூஜின் ஹாமல், வில்லியம் ஓகானல் ஆகிய மூவர் 1975ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் துறைவாரியாக அதனை ஆராய்ந்தனர். பெரிய துறைகளுள் ஒன்றில் ஆடவர் 825 பேர் விண்ணப்பித்து 62 விழுக்காட்டினர் இடம் பெற்றனர். அங்கே விண்ணப்பித்த மகளிர் 108 பேரே, எனினும் 82 விழுக்காட்டினர் இடம் பெற்றனர். மற்றொரு துறையில் ஆடவர் 373 பேருள் 6 விழுக்காட்டினர்க்கும், மகளிர் 341 பேருள் 7 விழுக்காட்டினர்க்குமே இடம் கிடைத்தது. மகளிர் பெரும்பாலும் இடம் கிடைப்பது அரிதான துறைகளுக்கே விண்ணப்பித்திருந்தனர். மொத்த வேறுபாடு பெரிதும் அதனால் விளைந்தது.

இதிலிருந்து மாணவர் கொள்ள வேண்டிய பாடம், ‘ஆகவே அநீதி எதுவுமில்லை’ என்பதன்று. மகளிர் சில துறைகளுக்கே செல்லும்படி முன்னரே பள்ளியிலும் சமூகத்திலும் வழிப்படுத்தப்படுவதை அக்கட்டுரையாசிரியர்களே சுட்டினர். வேறுபாடு எங்கே பிறக்கிறது என்பதை எண் இடம் மாற்றிக் காட்டியது. ஆய்வேட்டில் இரண்டு மாறிகளை மட்டும் ஒப்பிட்டு முடிவு கட்டுபவர், மூன்றாவது மாறி ஒன்று ஒளிந்திருக்குமோ என்று வினவி, அவ்வாறு வினவியதையும் எழுதுதல் வேண்டும்.

அதே கணக்கில் இன்னொரு பாடமும் உண்டு. வேறொரு துறையில் ஆடவர் 560 பேருள் 63 விழுக்காட்டினரும் மகளிருள் 68 விழுக்காட்டினரும் சேர்க்கப்பட்டனர். பார்வைக்கு மகளிரே முந்துகின்றனர். ஆனால் அங்கே விண்ணப்பித்த மகளிர் 25 பேரே. இடம் பெற்றோர் 17 பேர். அவர்களுள் இருவர் மறுக்கப்பட்டிருந்தால் விழுக்காடு 60 ஆகி, நிலை தலைகீழாகியிருக்கும். ஒருவர் நான்கு புள்ளிகளாகும் இடத்தில் விழுக்காட்டை நம்புதல் தகாது. ஒரு வகுப்பு மாணவரையோ ஒரு குடியிருப்பின் சில குடும்பங்களையோ ஆராயும் ஆய்வேடுகளில், விழுக்காட்டுடன் ஆள் எண்ணிக்கையையும் எழுதுதல் கட்டாயமாகும். சிறு தொகுதியின் விழுக்காட்டைப் பதின்மப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை எழுதுவது துல்லியமன்று, துல்லியத்தின் வேடமே.

தொகுதியும் தனிமனிதரும்

எண்களை உரைநடையாக்கிய சமூகவியல் நூல்களுள் தலைமை சான்றது பிரெஞ்சு அறிஞர் எமில் தர்க்கைம் 1897ஆம் ஆண்டு வெளியிட்ட ‘தற்கொலை’ என்னும் நூல். ஓர் அட்டவணையைக் காட்டியதும் தர்க்கைம் அதனை ஒப்பிப்பதில்லை. அதனால் எழும் ஐயத்தைத் தாமே எழுப்புவார். அடுத்த சான்றால் அதனை எதிர்கொள்வார். கல்விப் பெருக்கமே தற்கொலைக்குக் காரணமாகுமோ என்னும் ஐயம் எழுந்தபோது, கல்வியில் முன்னின்ற யூதரிடையே தற்கொலை குறைவாயிருப்பதைக் காட்டி வாதத்தை நகர்த்தினார். அட்டவணைக்கும் அட்டவணைக்கும் இடையே வாதம் நடைபோடும் அவ்வமைப்பை மாணவர் பயிலுதல் நலம்.

எனினும் அந்நூலும் திறனாய்வுக்கு அப்பாற்பட்டதன்று. பவேரிய மாநிலங்களின் 1867 முதல் 1875 வரையிலான கணக்கை அவர் தருகிறார். பத்து லட்சம் மக்களுக்குத் தற்கொலைகள், கத்தோலிக்கர் பாதிக்கும் குறைவாக உள்ள மாநிலங்களில் 192. பெரும்பான்மையாக உள்ளவற்றில் 135. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் உள்ளவற்றில் 75. படிப்படியாக இறங்கும் இவ்வரிசை கண்ணைக் கவர்கிறது. ஆனால் 75 என்னும் சராசரிக்குள் கீழ் பவேரியாவின் 49உம், மியூனிக் நகரம் அமைந்த மேல் பவேரியாவின் 114உம் அடங்கியுள்ளன. அந்த 114, இடைப்பட்ட தொகுதியைச் சேர்ந்த சுவேபியாவின் 118ஐ நெருங்கி நிற்கிறது. சமயத்தோடு நகர வாழ்வும் இங்கே ஊடாடுமோ என்னும் வினா அந்த ஓர் எண்ணிலிருந்தே எழக்கூடும். சராசரி எழுதுபவர், சராசரிக்குள் பொருந்தாமல் நிற்கும் எண்ணையும் வாசகர்க்குக் காட்டக் கடமைப்பட்டவர்.

அதனினும் ஆழமான இடர் ஒன்றுண்டு. அட்டவணை மாநிலங்களைப் பற்றியது. முடிவோ மனிதரைப் பற்றியது. 1950ஆம் ஆண்டு வில்லியம் ராபின்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இவ்விடரை எண்களாலேயே விளக்கினார். 1930ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணக்கெடுப்பில், நாட்டின் ஒன்பது பெரும்பகுதிகளை ஒப்பிட்டால், வெளிநாட்டில் பிறந்தோர் மிகுந்த பகுதிகளில் எழுத்தறியாமை குறைந்திருந்தது. ஒட்டுறவு எதிர்மறையாக 0.62. தனிமனிதரை ஒப்பிட்டாலோ, வெளிநாட்டில் பிறந்தோரிடையே எழுத்தறியாமை சற்று மிகுதி. ஒட்டுறவு நேர்மறையாக 0.12. குடியேறியோர், எழுத்தறிவு மிகுந்த பகுதிகளில் சென்று வாழ்ந்தனர் என்பதே விளக்கம். தொகுதியின் இயல்பைத் தனிமனிதர் மேல் ஏற்றினால் உண்மை தலைகீழாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது. தோட்டப்புறப் பள்ளிகளின் தேர்ச்சி விழுக்காட்டைப் பார்த்து, ‘தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டமில்லை’ என்று எழுதும் மாணவர் இப்பிழையையே செய்கிறார். பள்ளியின் எண், பிள்ளையின் மனத்தைச் சொல்வதன்று.

சொல்லில் நேரும் பிழைகள்

கணக்கியலில் வழங்கும் ஒரு கலைச்சொல்லை ‘முக்கியமான வேறுபாடு’ என மொழிபெயர்த்து எழுதும் வழக்கம் பெருந்தீங்கு விளைத்திருக்கிறது. ரொனால்ட் ஃபிஷர் 1925ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலால் பரவிய ஐந்து விழுக்காட்டு எல்லை, உண்மையில் வேறுபாடே இல்லை எனக் கொண்டால் இத்துணை பெரிய வேறுபாடு தற்செயலாகத் தோன்றுவது அரிது என்பதை மட்டுமே உணர்த்தும். வேறுபாடு பெரிதா, வாழ்க்கைக்கு இன்றியமையாததா என்பதை அது சொல்லாது. அமெரிக்கப் புள்ளியியல் கழகமும் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் இதனை வலியுறுத்தியது. ‘தற்செயல் என்று தள்ளுதற்கரிய வேறுபாடு’ என்றெழுதி, அதன் அளவையும் உடன் எழுதினால் மயக்கம் நேராது.

‘கருதுகோள் நிரூபிக்கப்பட்டது’ என்பதும் அத்தகையதே. மாதிரியைக் கொண்டு செய்யும் ஆய்வு கருதுகோளுக்கு ஆதரவு தரலாம், தராதொழியலாம், நிரூபிப்பதில்லை. ஆதரவு கிடைக்காத இடத்தை மறைப்பது நேர்மைக் குறைவு. எதிர்பார்த்த வேறுபாடு காணப்படவில்லை என்பதும் ஒரு முடிவே. ‘பலர்’, ‘சிலர்’, ‘பெரும்பாலோர்’ என்னும் சொற்களும் அளவறிந்து ஆளத்தக்கவை. பாதிக்கு மேற்பட்டாலன்றிப் ‘பெரும்பாலோர்’ என்றல் பொருந்தாது. வினாவுக்கு விடையளிக்காதோர் எத்தனை பேர் என்பதும் அட்டவணையில் இடம்பெற வேண்டும். அவர்களது மௌனமும் கணக்கில் சேரும்.

எழுதும் ஒழுங்கு எளியது. எந்த வினாவுக்கு இவ்வட்டவணை விடை தருகிறது என்பதை முதலில் கூறுக. விடையை ஒரு வாக்கியத்தில் கூறுக. அதனைத் தாங்கும் இரண்டு அல்லது மூன்று எண்களை மட்டும் எடுத்துக்காட்டுக. பொருந்தாத எண் இருப்பின் அதனையும் காட்டுக. அட்டவணை சொல்லாததைக் குறித்து அமைக. காரணம் ஆராய்வதும் பரிந்துரைப்பதும் அடுத்த இயலின் பணி.

யாரைப் பற்றிய எண்?

இவையனைத்தும் மதிப்பெண்ணுக்கான இலக்கணம் மட்டுமே எனக் கருதுவோர், டபிள்யூ. இ. பி. துபாய்ஸ் 1899ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஃபிலடெல்ஃபியா நீக்ரோ’ என்னும் நூலை எண்ணிப் பார்க்கலாம். கறுப்பின மக்களை ஒரு சிக்கலாகவே அந்நகரத்தார் பேசிவந்த காலத்தில், அவ்வினத்தவராகிய அவர், ஏழாம் வட்டாரத்தில் வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்தார். ஒரே திரளாகப் பார்க்கப்பட்ட மக்களுள் வெவ்வேறு வாழ்நிலையினர் இருத்தலைப் பிரித்துக் காட்டினார். தம் மக்களிடையே கண்ட குறைகளையும் மறைத்தாரில்லை. தம் முடிவுகளை எவ்வளவு நம்பலாம் என்பதை நூலின் தொடக்கத்திலேயே ஆராய்ந்து, வினாக்கள் தவறாக உணரப்பட்டிருக்கலாம், ஆராய்பவரின் சாய்வும் புகுந்திருக்கலாம் என்று எழுதினார். குறையை ஒப்புக்கொண்டதால் அந்நூல் தாழவில்லை. நூறாண்டு கடந்தும் பயிலப்படுகிறது.

சிறுபான்மைச் சமூகத்தைப் பற்றிய எண் ஏட்டோடு நிற்பதில்லை. ஆய்வேட்டிலிருந்து செய்தித்தாளுக்கும், செய்தித்தாளிலிருந்து மேடைக்கும், மேடையிலிருந்து மக்கள் மனத்திற்கும் அது செல்கிறது. ஒவ்வொரு படியிலும் ஒரு நிபந்தனை உதிர்கிறது. ‘இவ்வாண்டில், இவ்வூரில், வினவப்பட்ட இத்தனை பேருள்’ என்று தொடங்கியது, ‘இவர்கள் இப்படித்தான்’ என்று முடிகிறது. உதிரவிருக்கும் நிபந்தனைகளை எழுதும்போதே இறுகக் கட்டிவைப்பது மாணவரின் பொறுப்பு. அவை கட்டப்பட்டுள்ளனவா என்று திருத்தும்போது பார்ப்பது ஆசிரியரின் பொறுப்பு.

தமிழாசிரியர்க்கு இதில் தனியிடம் உண்டு. ‘இந்தியர்’ என்ற இடத்தில் ‘தமிழர்’ வந்துவிட்டதையும், ‘குறைந்தது’ என்ற இடத்தில் ‘கைவிட்டனர்’ வந்துவிட்டதையும் கண்டுபிடிக்கக் கணக்கியல் பட்டம் தேவையில்லை. சொல்லின் பொருளறிந்த கண் போதும். வேற்றுமை உருபு பிறழ்ந்தால் சிவப்பு மையிடும் கை, அளவு பிறழ்ந்த சொல்லுக்கும் சிவப்பு மையிடுமாயின், எண்ணைக் கண்டு அஞ்சாமலும் எண்ணைக் கொண்டு அச்சுறுத்தாமலும் எழுதும் மாணவர் தோன்றுவர். தம்மைப் பற்றித் தாமே சரியாக எண்ணவும் எண்ணியதைச் சரியாக எழுதவும் கற்ற சமூகம், பிறர் எழுதும் தவறான கணக்கைக் கண்டு மருளாது.